ஓட்டைவாயின் அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வாலு எப்படி இருக்கிறாள்? மூன்று வயது முடிந்திருக்குமே, உன்னை எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாளா? இந்தக் கடிதம் உனக்கு அடைக்கலம் கொடுத்த பெண்கள் இல்லத்துப் பெரியம்மா கைக்குப் போய், அவர் அதை வேறு உறைக்குள் வைத்து உனக்கு அனுப்பி, நீ பதில் எழுதி அது அதே வழியில் திரும்பி வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். பரவாயில்லை. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்கே தெரியாமல் இருந்தால்தான் மாமா உன்னைத் தேடி வந்து என்னை உலுக்கினாலும் ஒன்றும் உதிராது.

விஷயத்துக்கு வருகிறேன். என் புது மிக்ஸ்டேப், ராப் பாட்டுத் தொகுப்பு, முடிந்துவிட்டது. பெயர் 'எண் தெரியாத அழைப்பு'. போன வருடம் என் பிறந்தநாளுக்கு உன் முதலாளியம்மாவின் போனிலிருந்து எண் தெரியாதபடி கூப்பிட்டாயே, நினைவிருக்கிறதா? நான் எடுக்கவில்லை. நீ பேசியது பதிவாகியிருந்தது. "டேய் ஓட்டவாயா, போனை எடுக்க மாட்டியா? பொறந்தநாளும் அதுவுமா எங்க தொலஞ்ச? சரி, நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு. கத்திக் கத்திப் பாடாத, தொண்டை கட்டிக்கும்." அவ்வளவுதான். அதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.

உனக்குப் பின்னால் ஒரு மணி அடிக்கிறது, தெரியுமா? இரண்டு தரம் ஒழுங்காக அடித்துவிட்டு மூன்றாவது தரம் நொண்டும். அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனிச் சங்கை விட்டால் அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. மிக்ஸிங் அண்ணன் அதை இரைச்சல் என்று துடைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. அதையே வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு முழுப் பாட்டுக்கும் தாளமாக்கிவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே அக்கா. உன் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

மார்ச் முதல் தேதி வெளியாகிறது. வாலுவுக்கு முத்தம்.

உன் தம்பி,
நீ வைத்த பட்டப்பெயரையே மேடைக்கும் வைத்துக்கொண்ட ஓட்டைவாய்

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் வாலுவும் சுகம். அவள் எதிர்த்துப் பேசுவதில்லை, நேரடியாகத் தீர்ப்பே சொல்லிவிடுகிறாள். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

என் குரலை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். போன தடவை வாலுவின் அப்பா என்னை எப்படிப் பிடித்தார் என்று உனக்குத் தெரியும். போன் கடை வைத்திருந்த மனிதர், ஒரே ஒரு அழைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு முறிந்த மணிக்கட்டு மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. இங்கே வந்து இரண்டு வருடமாக யாரும் என் பெயரைச் சொல்லி அதட்டவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாட்டில் சொல்ல உனக்கு வரும், எனக்கு வராது.

இன்னொன்று. ஐஸ் கம்பெனிப் பேச்சை என்னிடம் எடுக்காதே. அப்பாவை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் வாலுவும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. உன் கடிதம் பாட்டு வெளியாகிப் பத்து நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குள் கை மீறிவிட்டது அக்கா.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. போன மிக்ஸ்டேப்பை நானும் மிக்ஸிங் அண்ணனும் அவர் மாமியாரும்தான் கேட்டோம். மாமியாரும் பாதியில் தூங்கிவிட்டார். இதை ஊரே கேட்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் காதிலிருந்து நம் மணிச் சத்தம் கசிகிறது. பாட்டு விமர்சனம் எழுதுகிற ஒருவர், என்னைப் பற்றிப் போன தடவை 'காற்று வீண்' என்று எழுதியவர், இப்போது 'இந்தப் பையனுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். மேடையில் நான்

எங்கே இருக்கேன்னு கேக்கல, இருக்கேன்னு சொல்லு போதும்
மணி அடிக்குது மூணு தரம், மூணாவது நொண்டும்

என்று ஆரம்பித்தால் கூட்டம் மூன்றாவது அடிக்குக் காலை இழுத்துத் தரையில் தட்டுகிறது. எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான், ஓட்டைவாயின் அக்கா யார்? நான் வாயைத் திறக்கவில்லை. உன் பெயர், வாலு, மாமா, எதையும் மூச்சு விடவில்லை. நீ வைத்த பட்டப்பெயருக்கு நான் செய்த ஒரே துரோகம் இதுதான். பயப்படாதே. குரலை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

அன்புத் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சுகம். நீ சுகமாக இருக்கிறாயா?

நான் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவியில் தேய்த்து மடிப்போம். நேற்று தேய்க்கிற பெண் போனில் பாட்டுப் போட்டாள். "டேய் ஓட்டவாயா" என்று என் குரல் கேட்டது. நான் ஈர விரிப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு கூடை மடிப்பு வீணானது. அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, இது அப்படியே நீங்க பேசற மாதிரியே இருக்கு"ன்னாள். "எல்லா அக்காவும் இப்படித்தான் பேசுவா"ன்னேன்.

அது போகட்டும். பாட்டில் மணி அடித்த அதே நேரம் வெளியே பாலத்து மணியும் அடித்தது. படகு போவதற்காகப் பாலத்தைத் தூக்கும்போது அடிக்கிற மணி. அது விரிசல் விட்ட மணி தம்பி. வேறெங்கும் அப்படி நொண்டாது. தேய்க்கிற பெண் போனைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

பாட்டை உடனே எடுத்துவிடு. நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பின்னால் நின்று கைதட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எடுத்துவிடு.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட வாய் கூசுகிறது. உன் கடிதம் கிடைத்த அன்றே பாட்டை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? ஊரில் எல்லோரிடமும் பிரதி இருக்கிறது. நான் எடுத்ததுதான் தாமதம், 'ஏன் எடுத்தான்' என்று இன்னும் அதிகமாகத் தோண்டுகிறார்கள்.

ஒருவன் இருக்கிறான். தூக்குப்பாலங்களாகத் தேடிப் போய்ப் படம் பிடித்துப் போடுவதே அவனுக்குப் பொழுதுபோக்கு. அவன் அந்த மணியைக் கண்டுபிடித்துவிட்டான். எந்த ஊர், எந்தக் கால்வாய் எல்லாம் எழுதி, பின்னால் கேட்கிற உஸ் என்ற சத்தம் நீராவி இயந்திரம் என்பது வரை சொல்லிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கண்ணாமூச்சி விளையாட்டில் ஜெயித்த சந்தோஷம்தான் அவனுக்கு. இரண்டு வருடம் எனக்குத் தெரியாத உன் ஊரை அவன் எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பு அக்கா. துணி உலரக் காத்திருக்காதே. வேறொரு விஷயமும் இருக்கிறது, இப்போது வேண்டாம், பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

இல்லத்துப் பெரியம்மா ஆசிகளுடன் எழுதுவது. உங்கள் அக்காவும் குழந்தையும் பத்திரமாக இடம் மாறிவிட்டார்கள். எங்கே என்று தயவு செய்து கேட்க வேண்டாம். "அவனுக்குத் தெரிஞ்சா பாட்டா வந்துடும்"னு சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. கடிதங்கள் வழக்கம்போல என் வழியாகவே போகட்டும்.

அவள் போன மறுவாரம் சலவைக்கூடத்துக்கு ஒருவர் வந்து விசாரித்தாராம். மிகவும் மரியாதையாகப் பேசினாராம். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

உடல்நலம் பேணுங்கள்.

பெரியம்மா

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நாங்கள் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

புது இடம் பழகிவிட்டது. மாடியில் ஒரே அறை, கீழே வீட்டுக்காரம்மா. வேலைக்குப் போகிற நேரம் அவர்தான் வாலுவைப் பார்த்துக்கொள்கிறார். வேலையில் கை மரத்துப் போகிறது, கையுறை கொடுத்திருக்கிறார்கள், போட்டாலும் மரத்துத்தான் போகிறது. முதல் வாரம் தினமும் வாலு திடுக்கிட்டு எழுந்தாள், காரணம் எழுத மாட்டேன். இப்போது அது அவளுக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

உன் மேல் கோபம் இருந்தது. பாதி கரைந்துவிட்டது. மீதி இருக்கட்டும், உனக்குப் பயம் வேண்டும்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் மூச்சு வந்தது.

மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை இப்போது கக்கிவிடுகிறேன். மாமா என் நிகழ்ச்சிகளுக்கு வருகிறார். மார்ச்சிலிருந்தே வருகிறார். முதல் வரிசையில், ஓரத்தில். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஏதோ விபத்தாம், ஆள் பாதியாகிவிட்டார். முடி முழுக்க நரைத்துவிட்டது. வலது கால் நொண்டுகிறது, கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். போன் கடையை விற்றுவிட்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறாராம். குரல்கூடத் தணிந்துவிட்டது. ஒரு நாள் மேடைக்குப் பின்னால் வந்து என் தோளில் கை போட்டார். "உனக்கு அவ இருக்கற இடம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். ஆனா உன் பாட்டுக்குத் தெரியுதே. அடுத்த பாட்டு எப்போ?" என்றார். அதட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தது பயத்தால்தான்.

அதற்குத்தான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். அவர் அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறார் அல்லவா, கொடுத்துவிடலாம். நீ எழுதிய வேலை, கைமரப்பு எல்லாம் எந்த ஊரில் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ எந்த ஊரில் இருக்கவே மாட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். சங்கு அப்படியே இருக்கிறது அக்கா, முதலில் ஒரு இருமல், அப்புறம் ஊதல். அப்பா அதன் கைப்பிடியை இழுக்கும்போது நாம் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொள்வோமே. வேலை விடும் நேரம் கம்பெனி கேட்டருகே நின்று பதிவு செய்தேன். முக்காடு போட்ட பெண்கள் பக்கத்திலேயே கடந்து போனார்கள். அவர்கள் செருப்புச் சத்தம்கூட விழுந்திருக்கிறது. நான் தலையைத் தூக்கவில்லை, பதிவு கெட்டுவிடக் கூடாதே.

அந்தச் சங்கை வைத்து ஒரு பாட்டு. 'அக்காவுக்குப் புது வீடு'. பாலத்துக்காரன் கூட்டம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும், மாமா கிளம்பி எதிர்த்திசையில் போய் வருடக்கணக்கில் கதவு தட்டிக்கொண்டிருப்பார். நாம் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. அப்பா லாரி ஓட்டினார் என்றுதானே அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

இந்த மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நீ மறுத்து எழுதாததால் பாட்டை வெளியிட்டுவிட்டேன். உன் சம்மதம் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?

நினைத்ததற்கு மேலாகவே நடந்துவிட்டது. முதல் பாட்டை இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சங்கின் இருமலைக் கூட்டமே சேர்ந்து இருமுகிறது. பாலத்துக்காரன் ஊரைக் கண்டுபிடித்து எழுதிவிட்டான், நேரில் போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் காற்று வீண் விமர்சகர் 'அசல் சத்தம், அசல் ஊர்' என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நானும் மிக்ஸிங் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். நல்லா காது குத்திட்டோம் என்றார் அவர்.

முக்கியமான விஷயம், போன இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் மாமா வரவில்லை. அந்த ஓர நாற்காலி காலி. தொல்லை விட்டது அக்கா. இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

வாலுவுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். எப்படி அனுப்புவது?

உன் ஓட்டைவாய்

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

இல்லத்துப் பெரியம்மா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் ஜூலை முதல் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இத்தனை நாள் மருத்துவமனையில் கிடந்தேன். என் மேஜையை வேறு யாரும் தொடக் கூடாது என்பது நானே போட்ட விதி. அதனால் கடிதங்கள் எல்லாம் அப்படியே கிடந்திருக்கின்றன. உங்களுடைய இரண்டையும் இன்றுதான் அவளுக்கு அனுப்பினேன். அவள் உங்களுக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இருந்திருக்காது என்று நம்புகிறேன். மன்னிக்கவும்.

பெரியம்மா

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் வாலுவும் மிகவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஏன் இரண்டு மாதமாக ஒரு கடிதம்கூட இல்லை? நான் உன்னைப் பயமுறுத்தியது அதிகமாகிவிட்டதோ?

மீதிக் கோபமும் கரைந்துவிட்டது. அதனால் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதே. நான் ஐஸ் கம்பெனி ஊரில் இருக்கிறேன். அங்கேயேதான் வேலை, ஐஸ் பாளங்களை உடைத்துப் பெட்டியில் அடைக்கிற பிரிவு. எங்கே ஓடலாம் என்று யோசித்தபோது, அவருக்குத் தெரியாத ஊர், உனக்கும் சந்தேகம் வராத ஊர் என்று பார்த்தால் இது ஒன்றுதான் மிச்சம். தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றவள் இப்போது சங்குக்கு அடியிலேயே படுத்துத் தூங்குகிறேன். முதலில் அப்பா நினைவு வந்து அடைத்தது. இப்போது அது இருமும்போதெல்லாம் யாரோ நம்மைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் வேலை விட்டு வரும்போது கேட்டருகே உன்னைப் போலவே ஒருவன் காதில் ஹெட்போனோடு குனிந்து நின்றான். கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. உனக்கு இங்கே என்ன வேலை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டு நடந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எங்கிருந்தோ சின்னப் பிள்ளைகள் வந்து கேட்டருகே நின்று படம் எடுக்கிறார்கள். என்ன கூத்தோ. எனக்குப் போனும் இல்லை, கேட்கவும் நேரமில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு நாங்கள் என்றால் உயிர். போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது தண்ணீர் வடிகட்டி விற்கிற ஒருவர் வந்தாராம். காலை இழுத்துக்கொண்டு, கைத்தடியோடு மாடி வரை ஏறி வந்தாராம், பாவம். வாலுவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். "எவ்ளோ மரியாதையான மனுஷன் தெரியுமா? சின்னக் குழந்தை இருக்கற வீடு, காசே வேணாம், நானே வந்து மாட்டித் தரேன்னுட்டாரு"ன்னு வீட்டுக்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வழக்கம்போலத் திக்கென்றது. ஆள் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒல்லியாம், தலை முழுக்க நரையாம், பேச்சே மெதுவாம். நம் ஆள் நடந்தால் தரை அதிருமே. அப்புறம்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. கதவு தட்டுகிற ஒவ்வொருவரையும் கண்டு நடுங்கினால் எப்படி வாழ்வது? இந்த ஊரை விட்டு இனி ஓடப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை மாட்ட வருகிறாராம், அன்றைக்கு நான் வீட்டில் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீயும் கிளம்பி வா தம்பி. சங்குச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் எங்கள் வீடுதான். நல்ல தண்ணீரில் தேநீர் போட்டுத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைக் கண்டதும் பதில் போடு.

அன்புடன்,
அக்கா